கை எட்டாத இடத்தில் ஸ்குரூவை மரையில் பிடிக்கவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இண்டு இடுக்கில் ஸ்குரூ போடும்போது சிக்கல் எப்போதும் முதல் இரண்டு சுற்றில்தான். மரையில் பிடித்துவிட்டால் அப்புறம் எந்தக் கருவியாலும், எந்தக் கோணத்திலிருந்தும் எப்படியாவது முடுக்கிவிடலாம். பிடிக்கும்வரைதான் அது நழுவும், சாயும், விழும், பக்கத்துத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

புதிதாகக் கை வைக்கிறவர்கள் தடுமாறுவதைக் கவனித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஸ்குரூவைப் பிடிக்கவைப்பதும் அதை இறுக்குவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து ஒரே கருவியோடு உள்ளே போய்விடுகிறார்கள். பிடிக்கவைக்கும்போது பலம் எதற்கும் உதவாது, உள்ளே என்ன நடக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பலம் தேவைப்படுவது கடைசியில் இறுக்கும்போது மட்டும். கீழே இருக்கிற படிகளை அதே வரிசையில் செய்யுங்கள், ஒவ்வொரு படியும் அடுத்ததில் வரக்கூடிய ஒரு தொல்லையை முன்கூட்டியே எடுத்துவிடும்.

1. கை வைப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதல் தேவை, ஸ்குரூவின் தலைக்குச் சரியாகப் பொருந்துகிற நுனி. வெளியில் வேலை செய்யும்போது கொஞ்சம் லூஸாக இருந்தாலும் அழுத்திப் பிடித்துச் சமாளித்துவிடுவோம், ஆனால் அதே லூஸ் 20 செ.மீ. உள்ளே போனதும் ஸ்குரூவைச் சாய்த்துவிடும். ஸ்டார் தலையில் (கூட்டல் குறி மாதிரி குழி உள்ளது) எம்3, அதாவது 3 மி.மீ. தடிமன் ஸ்குரூவுக்கு வழக்கமாக பிஎச்1 அளவு நுனி, எம்4, எம்5 இரண்டுக்கும் பிஎச்2, எம்6க்கு பிஎச்3. ஆலன் கீ போடுகிற, அறுகோணக் குழி உள்ள உருளைத் தலை என்றால் எம்3க்கு 2.5 மி.மீ., எம்4க்கு 3, எம்5க்கு 4, எம்6க்கு 5. நுனியைத் தலைக்குள் வைத்து ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் வேறு நுனி எடுங்கள்.

மற்றபடி கைவசம் இருக்க வேண்டியவை: நீளமான ஒரு ஸ்குரூடிரைவர் அல்லது பிட் (கழற்றி மாற்றுகிற நுனி) மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் ராடு, ஒரு சிறு காந்தம், மாஸ்கிங் டேப், கெட்டியான கிரீஸோ வாசலினோ மெழுகோ கொஞ்சம், ஸ்குரூ தலையை விட மயிரிழை சின்ன உள்விட்டம் கொண்ட ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப், நீள மூக்குக் குறடு அல்லது நீளமான சாமணம், தலையில் மாட்டுகிற டார்ச், ஒரு கைக்கண்ணாடி, பழைய துணி. இதோடு அதே அளவு ஸ்குரூ இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்தாலே கை பதறாது.

ஸ்குரூவை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிற வேலை என்றால், அந்த எட்டாத ஒரு இடத்துக்கு மட்டும் ஸ்டார் தலையை விட்டுவிட்டு ஆலன் தலையோ டார்க்ஸ் தலையோ (ஆறு முனை நட்சத்திரக் குழி) போட்ட ஸ்குரூவுக்கு மாறுவது என் கருத்தில் பாதி வேலையை முடித்துவிடும். ஸ்டார் தலையில் குழி சரிவாக இருப்பதால் நுனி மேலே ஏறி வழுக்கும், தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆலன், டார்க்ஸ் தலைகளில் குழியின் சுவர் நேராக இருப்பதால் அந்த வழுக்கல் கிடையாது, நுனியும் ஆழமாக உட்காரும். ஒன்று மட்டும் பாருங்கள்: நீளமும் மரையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். நீளம் கூடினால் எதிர்ப்பக்கத்தில் எதையாவது குத்தும்.

2. மின்சாரத்தை நிறுத்துங்கள், கீழே இருக்கிற ஓட்டைகளை அடையுங்கள்

மின்சாரம் ஓடுகிற பொருள் என்றால் மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். வண்டி இன்ஜின் என்றால் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். நீளமான இரும்பு ராடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதைத் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், வேலை செய்கிற இடத்துக்குக் கீழே ஸ்குரூ விழக்கூடிய எல்லா ஓட்டைகளிலும் இடைவெளிகளிலும் துணியைத் திணியுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், முடிந்ததும் அத்தனையும் வெளியே வர வேண்டும். முதல் தடவையே சரியாகப் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் ஸ்குரூ தேடி முழுப் பொருளையும் பிரிக்கிறார்கள்.

3. மரை சரியாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்

மாட்ட வேண்டிய பாகத்தை வைக்காமல், வெறும் துளையில் ஸ்குரூவை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். விரலால் சுற்றியே அது பெரும்பாலான தூரம் போக வேண்டும். போகவில்லை என்றால் மரைக்குள் பெயின்ட், துரு, பழைய பசை ஏதோ இருக்கிறது. இதை இப்போதே கண்டுபிடிக்காவிட்டால், பிறகு பாகத்தையும் வைத்துக்கொண்டு இருட்டில் திருகும்போது ‘மரை மாறிச் சாய்ந்து ஏறுகிறதா, அழுக்கால் இறுகுகிறதா’ என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது.

அழுக்கை எடுக்க, துளைக்குள் மரை வெட்டுகிற டாப் செட் இருந்தால் சரி. இல்லையென்றால் அதே அளவு ஸ்குரூ ஒன்றின் நுனியில் நீளவாக்கில் ஒரு காடி வருகிற மாதிரி அரத்தால் தேய்த்து, துளி எண்ணெய் விட்டு, அரைச் சுற்று உள்ளே கால் சுற்று வெளியே என்று முடுக்குங்கள். காடிக்குள் அழுக்கு சேர்ந்துகொண்டு வெளியே வந்துவிடும்.

இதே நேரத்தில் ஸ்குரூவின் நுனியையும் பாருங்கள். முதல் மரை நசுங்கியிருந்தால் அந்த ஸ்குரூவைத் தூக்கிப் போடுங்கள், அல்லது வெளியே, கை நன்றாக எட்டுகிற ஏதாவது ஒரு இடத்தில் போடுங்கள். எட்டாத இடத்துக்கு இருப்பதிலேயே நல்ல ஸ்குரூதான் போக வேண்டும்.

4. துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்குரூ சாய்ந்து ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கை நடுக்கம் கிடையாது, துளையின் கோணத்தைத் தப்பாக நினைத்திருப்பதுதான். டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தால் எல்லாத் துளையும் நம்மை நோக்கி இருப்பது போலவே தெரியும்.

அதனால் துளைக்குள் சரியாக நுழையக்கூடிய மெல்லிய நேரான குச்சி ஒன்றை விட்டுப் பாருங்கள். பழைய பேனா ரீஃபில், வெல்டிங் கம்பி, மூங்கில் குச்சி எதுவாக இருந்தாலும் சரி. அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற திசைதான் உங்கள் ஸ்குரூடிரைவர் நிற்க வேண்டிய திசை. அந்தத் திசையில் பின்னால் ஒரு அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ‘பிடியின் முனை அந்த மூலையை ஒட்டி இருக்க வேண்டும்’ என்கிற மாதிரி. இதைச் செய்யும்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும். அந்தத் திசையில் ஸ்குரூடிரைவர் நிற்க இடமே இல்லை, வயரோ குழாயோ குறுக்கே வருகிறது என்றால் 8ஆம் பகுதிக்குப் போக வேண்டியிருக்கும்.

கண்ணாடியில் பார்த்து வேலை செய்யாதீர்கள், இடம் வலம் மாறிக் கை குழம்பும். கண்ணாடியும் செல்போன் கேமராவும் நிலைமையைத் தெரிந்துகொள்ள மட்டும். பார்த்து முடித்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு விரலை நம்புங்கள்.

பொருளையே திருப்ப முடிந்தால் துளை மேல்நோக்கி வருகிற மாதிரி திருப்பிவிடுங்கள். மேல்நோக்கிய துளையில் ஸ்குரூ தானே உட்கார்ந்திருக்கும். தலைகீழான துளையில் தன் எடையாலேயே விழும். பத்து நிமிடம் செலவழித்துத் திருப்பி வைப்பது வீண் வேலை மாதிரி தோன்றும், ஆனால் அது நிஜமாகவே குறுக்குவழி.

5. கஷ்டமான ஸ்குரூவை முதலில் போடுங்கள்

நான் பார்த்தவரை அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். நான்கு ஸ்குரூ போடுகிற ஒரு பிராக்கெட்டில் எட்டுகிற மூன்றையும் முதலில் போட்டு நன்றாக இறுக்கிவிட்டு, ‘இனி இந்த ஒன்றுதானே’ என்று கடைசியாக எட்டாததற்கு வருவார்கள். அதற்குள் பிராக்கெட் ஒரு நிலையில் இறுகிப் போயிருக்கும், நான்காவது துளை அரை மி.மீ. விலகி நிற்கும். எட்டுகிற இடமாக இருந்தால் கொஞ்சம் நெம்பி உள்ளே தள்ளிவிடலாம், எட்டாத இடத்தில் அது நடக்காது.

எட்டாத ஸ்குரூ போகும்போது பாகம் கையில் லூஸாக இருக்க வேண்டும். அதை இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடிக்கவைத்து அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். எல்லாம் பிடித்த பிறகுதான் எதையும் இறுக்க வேண்டும்.

பாகம் கனமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கையால் தாங்கிக்கொண்டே துளையைத் தேட முடியாது என்பதால், எட்டுகிற ஸ்குரூ ஒன்றைப் பாரம் தாங்குகிற அளவுக்கு மட்டும் லூஸாகப் போட்டுக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. அதே மரையில் நீளமான போல்ட் ஒன்றை எடுத்து, தலையை அறுத்து எறிந்து, அறுத்த முனையில் ரம்பத்தால் ஒரு காடி போட்டுக்கொள்ளுங்கள். அதைத் துளையில் கையால் சுற்றி வைத்துவிட்டால் அது ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், பாகத்தை அதன்மேல் நழுவவிட்டுத் தொங்கவிடலாம். மற்ற ஸ்குரூக்கள் பிடித்த பிறகு காடியில் ஸ்குரூடிரைவர் வைத்து அதைக் கழற்றிவிட்டு அசல் போல்ட்டைப் போடுங்கள். இரண்டு துளைகளில் இப்படி இரண்டு ஆணி வைத்தால் மற்ற எல்லாத் துளைகளும் தாமாகவே நேராக வந்து நிற்கும்.

6. ஸ்குரூவை நுனியில் நிற்கவைப்பது

இதற்கு ஒரே வழி என்று கிடையாது. ஸ்குரூவின் உலோகம், சுற்றி இருக்கிற பொருள், துளையின் திசை மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

காந்தம். எல்லோரும் முதலில் எடுப்பது இது. ஸ்குரூடிரைவர் தண்டின் மேல் காந்தத்தை ஒரே திசையில் இருபது முப்பது தடவை இழுத்தால் நுனியில் காந்தம் ஏறிவிடும். வேலை முடிந்ததும் நுனியைத் துடைத்து வையுங்கள், அது இரும்புத் துகளைச் சேர்த்துக்கொண்டு அடுத்த வேலையில் கொண்டுபோய்ப் போடும். எக்ஸ்டென்ஷன் மாட்டினால் நுனிக்கு வருகிற காந்தம் குறைந்துவிடும், அப்போது காந்தத் துண்டையே பிட்டுக்குப் பக்கத்தில் ஒட்டவையுங்கள்.

காந்தம் உதவாத இரண்டு இடங்களை ஞாபகம் வையுங்கள். பித்தளை, அலுமினியம் ஸ்குரூக்கள் ஒட்டாது, பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூக்களும் ஒட்டாது அல்லது ஏதோ பேருக்கு ஒட்டும். இரண்டாவது, சுற்றிலும் இரும்புச் சுவர் இருக்கிற குறுகலான பொந்து. ஸ்குரூ பாதி வழியிலேயே திரும்பிப் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கப் போனால் இன்னும் மோசமாகத் திரும்பும். அங்கே காந்தத்தை விட்டுவிடுங்கள், அல்லது பிளாஸ்டிக் டியூபையோ சுருட்டிய தடித்த காகிதத்தையோ துளைவரை நீட்டி அதன் வழியாக ஸ்குரூவை இறக்குங்கள். சுவருக்கும் ஸ்குரூவுக்கும் இடைவெளி இருந்தால் இழுப்பு குறைந்துவிடும்.

மாஸ்கிங் டேப். எனக்கு மிகப் பிடித்த வழி இது, எந்த உலோகத்துக்கும் சரி. விரல் நீளத்துக்கு டேப் கிழித்து, அகலத்தைக் குறைத்து, ஸ்குரூ தலையை விடச் சற்றே அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். பசையுள்ள பக்கம் உங்களைப் பார்க்கட்டும். அந்தப் பக்கத்திலிருந்து ஸ்குரூவின் நுனியை டேப்பின் நடுவில் குத்தி மறுபக்கம் எடுங்கள், தலையின் அடிப்பாகம் பசையில் வந்து உட்கார்ந்துவிடும். இப்போது ஸ்குரூடிரைவர் நுனியைத் தலையில் வைத்து, டேப்பின் இரண்டு சிறகையும் மேலே மடக்கித் தண்டில் ஒட்டி அழுத்துங்கள். ஸ்குரூவும் ஸ்குரூடிரைவரும் ஒரே கருவி ஆகிவிடும், தலைகீழாகப் பிடித்து ஆட்டினாலும் விழாது. இரண்டு மூன்று சுற்று பிடித்ததும் ஸ்குரூடிரைவரை நேராக வெளியே இழுங்கள், டேப் தலையடியில் கிழிந்து கூடவே வந்துவிடும். வராவிட்டால் சாமணத்தால் எடுத்துவிட்டுத்தான் மேலே முடுக்க வேண்டும்.

இதற்குத் துணி டேப் போடாதீர்கள், அது கிழியாது, ஸ்குரூவைத் திரும்ப வெளியே இழுக்கும் அல்லது தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஸ்குரூவை முழுதாக உட்காரவிடாது. தலை மட்டமாக உள்ளே அமிழ்கிற வகை ஸ்குரூவுக்கும் டேப் வேண்டாம், துணுக்குகள் குழிக்குள் சிக்கும்.

கிரீஸ், வாசலின், மெழுகு. தலையின் குழிக்குள் கெட்டியாக ஒரு பொட்டு வைத்து நுனியை அழுத்தினால் சின்ன ஸ்குரூக்கள் நிற்கும். வாஷரைத் தலையோடு ஒட்டவைக்கவும் இதுதான் வழி. மின்சார இணைப்பு முனைகளில் கிரீஸ் படக் கூடாது, பிரேக் பாகங்களில் எந்த எண்ணெய்ப் பசையும் படக் கூடாது. இயற்கை ரப்பரைப் பெட்ரோலியப் பொருள்கள் கெடுக்கும் என்பதால் அங்கே தேன்மெழுகை எடுங்கள்.

பிளாஸ்டிக் டியூப். இதைப் பலரும் முயன்றே பார்ப்பதில்லை. தலையை இறுக்கமாகக் கவ்வுகிற டியூபின் ஒரு முனையில் ஸ்குரூ தலையைச் செருகுங்கள், மறுமுனையை விரலால் பிடித்துச் சுற்றுங்கள். டியூப் வளையும், அதனால் நேர்வழி இல்லாத இடத்துக்கும் போகும். இதன் பெரிய நன்மை, அதற்குப் பலம் இல்லை என்பது. மரை மாறி ஏற ஆரம்பித்தால் டியூப் வழுக்கிவிடும், மரையைக் கெடுக்கிற அளவுக்கு முடுக்க அதனால் முடியாது. ஆழமான குழிக்குள் ஸ்பார்க் பிளக்கை ஏற்ற மெக்கானிக்குகள் ரப்பர் ஹோஸ் மாட்டிச் சுற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பெரிது.

ஸ்குரூ பிடிக்கிற ஸ்குரூடிரைவர் என்று நுனியில் கவ்வியோ பிளந்து விரிகிற தகடோ வைத்து வருகிறது. அடிக்கடி இந்த வேலை செய்கிறவர்களுக்கு அது உதவும். பிடிக்கவைக்க மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள், இறுக்கினால் கவ்வி வளைந்துவிடும்.

7. முதல் சுற்று இடப்பக்கம்

ஸ்குரூவைத் துளையின் வாயில் வைத்ததும் உடனே முடுக்காதீர்கள். மிக லேசாக அழுத்திக்கொண்டு இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்குரூவின் மரை தொடங்குகிற முனையும் துளையின் மரை தொடங்குகிற முனையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை சந்திக்கும், அந்த இடத்தில் ஸ்குரூ ‘டிக்’ என்று ஒரு மரை அளவு கீழே இறங்கும். எம்6 ஸ்குரூவில் அது 1 மி.மீ., எம்4இல் 0.7, எம்3இல் 0.5. சின்ன ஸ்குரூவில் காதுக்குக் கேட்காது, பிடியை நுனிவிரல்களால் மட்டும் பிடித்திருந்தால் உணரலாம். முழுக் கையால் கெட்டியாகப் பிடித்திருந்தால் தெரியாது.

அந்த ‘டிக்’ வந்த இடத்திலேயே நிறுத்தி, அப்படியே வலப்பக்கம் திருப்புங்கள். இப்போது இரண்டு மரைகளும் சரியான நிலையில் இருப்பதால் ஸ்குரூ தானாகப் பிடிக்கும். விரல்நுனிப் பலத்தில் மூன்று நான்கு சுற்று போக வேண்டும்.

அரைச் சுற்று, முக்கால் சுற்றிலேயே இறுகினால் அது மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் ‘கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று தோன்றும். போகும், மரையை அறுத்துக்கொண்டு போகும். கழற்றி, முதலிலிருந்து இடப்பக்கம் சுற்றி வாருங்கள். இரண்டு மூன்று தடவை இப்படியே ஆனால் கோணம் தப்பாக இருக்கிறது, குச்சியை விட்டு மறுபடி திசை பாருங்கள்.

பவர் ஸ்குரூடிரைவர் இந்தக் கட்டத்தில் பக்கத்திலேயே வர வேண்டாம். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் மரை மாறுவதை அது உங்கள் விரலுக்குச் சொல்லாது.

8. நேராகப் போக வழியில்லாத இடம்

மேலே இடம் இல்லை ஆனால் பக்கவாட்டில் கை போகிறது என்றால் குட்டை ஸ்குரூடிரைவர், அல்லது 25 மி.மீ. பிட் ஒன்றை விரலாலேயே பிடித்துச் சுற்றுவது. பிட்டின் வால்பகுதி 6.35 மி.மீ. அறுகோணம், அதே அளவு ராட்செட் ஸ்பானரில் (ஒரு திசையில் மட்டும் திருகும், பின்னால் இழுத்தால் சும்மா திரும்பிவரும்) அது உட்காரும், நான்கைந்து செ.மீ. உயரம் இருந்தாலே வேலை நடக்கும்.

இங்கே ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். ஸ்குரூ லூஸாக இருக்கும்போது ராட்செட்டைப் பின்னால் இழுத்தால் ஸ்குரூவும் கூடவே பின்னால் சுற்றிவரும், எவ்வளவு ஆட்டினாலும் ஸ்குரூ உள்ளே போகாது. ராட்செட் கெட்டுப்போகவில்லை. பின்னால் வரும்போது அதன் உள்ளே இருக்கிற பல் உராய்கிற பலத்தைவிட ஸ்குரூவின் பிடிப்பு குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்குரூ கொஞ்சம் இறுகும்வரை பிட்டை விரலால் சுற்றுங்கள், அல்லது பின்னால் இழுக்கும்போது மறு கை விரலால் பிட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோணம் கொஞ்சம் மட்டும் தப்புகிறது என்றால் உருண்டை முனை ஆலன் கீ. சுமார் 25 டிகிரி சாய்விலும் அது ஸ்குரூவைச் சுற்றும். அதன் கழுத்து மெல்லியது, அதனால் கடைசி இறுக்கத்துக்கு மட்டும் கீயின் மறுமுனையை எடுங்கள்.

வளைகிற ஷாஃப்ட் கடைசித் தேர்வு. அது சுற்றும் ஆனால் அழுத்தாது, அதனால் ஸ்டார் தலையில் வழுக்கும். ஆலன், டார்க்ஸ், அறுகோணத் தலை என்றால் நன்றாகவே வேலை செய்யும்.

கருவி எதுவும் போகாத இடத்தில் விரல்நுனி போகும் என்றால், சின்ன இரட்டைப் பக்க டேப் துண்டை விரலில் ஒட்டி அதில் ஸ்குரூ தலையை ஒட்டிக்கொண்டு போங்கள். விரலை உருட்டினாலே கால் சுற்று கிடைக்கும்.

9. மறுபக்கத்தில் நட்டு இருந்தால்

நட்டு என்றால் விதி அப்படியேதான், கூடவே ஒரு தந்திரம். ரிங் ஸ்பானரின் ஒரு பக்கத்தில் டேப் ஒட்டி, மறுபக்கத்திலிருந்து நட்டை உள்ளே வையுங்கள், டேப்பின் பசையில் நட்டு நிற்கும். பாக்ஸ் ஸ்பானர் என்றால் நட்டு ஆழமாக உள்ளே போய்விடாமல் முதலில் கொஞ்சம் காகிதத்தை உருட்டித் திணித்து, அதன்மேல் நட்டு வாயோடு வாயாக நிற்கும்படி வையுங்கள். பக்கச் சுவருக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதப் பட்டை செருகினால் இன்னும் உறுதி.

நட்டைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைச் சுற்றுவது, போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டைச் சுற்றுவது, இதில் எந்தப் பக்கம் உங்கள் விரலுக்கு உணர்ச்சி கிடைக்கிறதோ அந்தப் பக்கத்தைச் சுற்றுங்கள். மறுபக்கம் சும்மா பிடித்திருந்தால் போதும்.

10. மரம், பிளைவுட், பிளாஸ்டிக்

இவற்றில் மரை முன்பே இருக்காது, ஸ்குரூதான் அறுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் முதல் சுற்றிலேயே பலம் தேவைப்படும், எட்டாத இடத்தில் அந்தப் பலம் கிடைக்காது. தீர்வு, பலம் தேவைப்படுகிற வேலையை முன்பே முடித்து வைப்பது.

பாகத்தை வெளியே எடுக்க முடிந்தால், அலமாரியாக மாட்டுவதற்கு முன்பே பலகையில் ஸ்குரூவை ஒரு தடவை முழுதாக முடுக்கிக் கழற்றிவிடுங்கள். மரை அறுபட்டுத் தயாராக இருக்கும், உள்ளே போய்த் திரும்பப் போடும்போது விரல்பலத்திலேயே ஏறும். வெளியே எடுக்க முடியாதென்றால் முன்துளை கட்டாயம்: 4 மி.மீ. மர ஸ்குரூவுக்கு மென்மரத்தில் சுமார் 2.5 மி.மீ., கடின மரத்தில் 3 மி.மீ. டிரில் போகாத இடத்தில் குத்தூசியால் குத்திச் சுழற்றி ஆழப்படுத்துங்கள். ஸ்குரூவின் மரையில் மெழுகு தேய்த்தால் திருகுகிற பலம் கண்கூடாகக் குறையும்.

பழைய துளையிலேயே ஸ்குரூவைத் திரும்பப் போடும்போது, மரமோ பிளாஸ்டிக்கோ எதுவாக இருந்தாலும், 7ஆம் பகுதியில் சொன்ன இடப்பக்கச் சுற்று மிக முக்கியம். பழைய மரையை அது கண்டுபிடித்துத் தரும். நேராக முடுக்கினால் ஸ்குரூ பக்கத்திலேயே புது மரை அறுக்கும். இரண்டு தடவை அப்படிச் செய்தால் பிளாஸ்டிக்கில் பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பாகத்தில் துளைக்குப் பதிலாக வாய் திறந்த காடி வெட்ட இடம் இருந்தால், எட்டாத ஸ்குரூவைப் பாகம் வருவதற்கு முன்பே சுவரிலோ பலகையிலோ முக்கால்வாசி போட்டு வைத்துவிட்டு, பாகத்தைப் பக்கவாட்டில் நழுவவிட்டு அதன் தலைக்கு அடியில் செருகிவிடலாம். பின்பக்கத்து, அடிப்பக்கத்து ஸ்குரூக்களுக்கு இது அருமையான வழி, ஆனால் பாரம் தாங்குகிற இடத்தில் காடி வெட்டாதீர்கள்.

11. இறுக்குவது

எல்லா ஸ்குரூவும் இரண்டு மூன்று சுற்று பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அப்புறம் பலமான கருவியை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக எதிரெதிர் ஸ்குரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டால் பாகம் அந்தப் பக்கம் இழுபட்டு எதிர்மூலை ஸ்குரூ வளைந்து நிற்கும்.

12. ஸ்குரூ விழுந்துவிட்டால்

முதலில் அசையாதீர்கள். விழுந்த சத்தம் எங்கிருந்து வந்தது, எத்தனை தடவை தட்டி உருண்டது என்பது அந்த நொடியில்தான் ஞாபகத்தில் இருக்கும். பொருளை ஆட்டினாலோ சாய்த்தாலோ அது இன்னும் ஆழமாகப் போகும்.

டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தரைமட்டத்துக்குச் சாய்த்து அடியுங்கள், சின்ன ஸ்குரூவும் நீளமாக நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இரும்பு என்றால் நீளும் குச்சிக் காந்தம், இல்லையென்றால் குச்சி முனையில் வாசலினோ இரட்டைப் பக்க டேப்போ. எதுவும் எட்டவில்லை என்றால் வேக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய சாக்ஸ் துணியைக் கட்டி உறிஞ்சுங்கள், ஸ்குரூ துணியில் வந்து நிற்கும். சர்க்யூட் பலகை உள்ள பொருள்களின் உள்ளே மட்டும் வீட்டு வேக்குவத்தை விடாதீர்கள், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும்.

கூடுதல் ஸ்குரூ கையில் இருக்கிறதே என்று விழுந்ததை உள்ளேயே விட்டுவிட்டு வேலையை முடிக்காதீர்கள். மின்சாரப் பொருளிலோ சுழலும் பாகம் உள்ள இயந்திரத்திலோ அது கிடைக்கும்வரை சுவிட்சைப் போடக் கூடாது. கிடைத்ததும் திணித்த துணிகளை எண்ணி வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் மெயினைப் போடுங்கள்.